சப்போர்ட்டர்ஸ் குரூப் யாருக்காகப் பேசுது?

வாசகர் கேள்வி, 4 அக்டோபர் 2025

இந்த ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் குரூப், டிரஸ்ட், ஃபேன் அட்வைசரி போர்டு எல்லாம் சும்மா ஷோன்னுதான் எனக்குத் தோணுது. ஐம்பதாயிரம் பேர் உக்கார்ற ஸ்டேடியத்துல முன்னூறு பேர் கொடி பிடிச்சுட்டு "ரசிகர்கள் சார்பாக"ன்னு அறிக்கை விடறாங்க. யார் இவங்களைத் தேர்ந்தெடுத்தது? ஓனர் கடைசில அவர் நினைச்சதைத்தான் பண்ணப் போறார். மாத்துக் கருத்து இருக்கா?

4 அக்டோபர், இரவு

ரெண்டு கேள்விய ஒண்ணா போட்டுக் கலக்கிட்டீங்க. இவங்க எல்லா ரசிகனுக்கும் பிரதிநிதியாங்கறது ஒண்ணு, இவங்க சொன்னா கிளப் கேக்குதாங்கறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு என் பதில், பிரதிநிதி கிடையாது, அப்படி இருக்கவும் முடியாது. ரெண்டாவதுக்கு, சில நேரம் ஆமா. வேடிக்கை என்னன்னா இந்த ரெண்டுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல.

லிவர்பூல் எடுத்துக்கோங்க. 2016 பிப்ரவரி 6, சண்டர்லேண்ட் மேட்ச். புது மெயின் ஸ்டாண்டுல அதிகபட்ச டிக்கெட் 77 பவுண்ட்னு கிளப் அறிவிச்சிருந்துச்சு. ஸ்பிரிட் ஆஃப் ஷேங்க்லி, ஸ்பியன் காப் 1906ன்னு ரெண்டு ரசிகர் குழுவும் சேர்ந்து 77வது நிமிஷம் எழுந்து போயிடலாம்னு கூப்பிட்டாங்க. சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து போனதா சொன்னாங்க. அப்போ லிவர்பூல் 2-0 லீட். இவங்க வெளிய நடந்து போகப் போக ரெண்டு கோல் வாங்கி 2-2ல முடிஞ்சுது. நாலே நாள்ல கிளப்போட ஓனர்களான ஃபென்வே குழுமம் மன்னிப்புக் கேட்டு லெட்டர் போட்டு, 77 பவுண்ட வாபஸ் வாங்கி, டாப் விலைய 59லயே நிறுத்தி வெச்சாங்க. அந்த ரெண்டு குழு கையிலயும் ஓனர அசைக்கற அளவுக்கு ஷேர் கிடையாது, போர்டுல சீட்டும் கிடையாது.

இந்தப் பக்கம் ஸ்வான்ஸி சிட்டி. ரசிகர் டிரஸ்ட்டுக்கு, அதாவது ரசிகர்களே மெம்பரா சேர்ந்து நடத்தற அமைப்புக்கு, கிளப்ல 21.1 சதவீதம் ஷேர், போர்டுல ஒரு டைரக்டர். பிரீமியர் லீக்ல ரசிகர் கையில இவ்வளவு பங்கு இருந்தது அபூர்வம், எல்லாரும் முன்மாதிரின்னு கைகாட்டின கிளப். 2016ல மத்த ஷேர்ஹோல்டர்கள் அமெரிக்க முதலீட்டாளர் கூட்டணிக்கு வித்தப்போ பேச்சுவார்த்தைல டிரஸ்ட்ட சேர்த்துக்கவே இல்ல. ஒப்புக்குச் சப்பாணி.

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க.

4 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

ஸ்வான்ஸி பத்தி ஒண்ணு சேர்க்கணும். அந்த 21 சதவீதம் வீண்னு நான் சொல்ல வரல. டிரஸ்ட் அப்புறம் கேஸ் போடறேன்னு நின்னு, வருஷக்கணக்கா இழுத்து, 2022ல செட்டில்மெண்ட் ஆச்சு. பங்கு இருந்ததாலதான் கேஸ் போடவே முடிஞ்சுது. ஆனா கிளப் கைமாறி ஆறு வருஷம் கழிச்சு வர்ற நியாயம். அதுக்குள்ள டீம் பிரீமியர் லீக்க விட்டே இறங்கியாச்சு.

5 அக்டோபர்

"இவ்வளவு உறுதியா பேசறீங்களே, எதாவது குரூப்ல இருந்திருக்கீங்களா"ன்னு கேட்டிருக்காங்க. இருந்திருக்கேன். ஒரு கிளப்போட ரசிகர் குழு கமிட்டில கொஞ்ச காலம். எந்த கிளப்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

கமிட்டிக்கு எப்படி வந்தேன்னா, யாரும் என்னை எலெக்ட் பண்ணல. மேட்ச் முடிஞ்சதும் கொடிய மடிச்சு வைக்க ஆள் வேணும், நான் கடைசி வரைக்கும் நின்னேன், அவ்வளவுதான் என்னோட தகுதி. மத்தவங்களும் அப்படித்தான் வந்தாங்க. எல்லாம் ஒரே வயசு ஆம்பளைப் பசங்க, எல்லாருக்கும் வாரக்கடைசி ஃப்ரீ. குழந்தையக் கூட்டிட்டு வர்றவங்க யாரும் கமிட்டில இல்ல, வீல்சேர்ல வர்றவங்க யாரும் இல்ல, பொண்ணுங்க பேருக்கு ஒண்ணு ரெண்டு பேர். ஒருத்தர் சின்னப் பொண்ணோட வருவார், ஃபேமிலி ஸ்டாண்டுல உக்காருவார், அவர் ஒரு தடவை எங்ககிட்ட வந்து, நீங்க பாடற கெட்ட வார்த்தைப் பாட்டக் கொஞ்சம் குறைக்க முடியுமான்னு கேட்டார். கேட்டதும் எல்லாரும் மரியாதையா தலையாட்டினோம். அந்த விஷயம் எந்த மீட்டிங் அஜெண்டாலயும் ஏறல, ஏன்னா பாடறதே நாங்கதான்.

கிளப்போட மீட்டிங் எப்படி இருக்கும்னா, அந்தப் பக்கம் ஆபரேஷன்ஸ்ல ஒருத்தர், மார்க்கெட்டிங்ல ஒருத்தங்க, மீடியா டீம்ல இருந்து ஒரு தம்பி. ஓனர் வர்றதெல்லாம் கனவுலகூடக் கிடையாது. கேட்ல ஸ்கேனர் வேலை செய்யலன்னா உடனே சரி பண்ணுவாங்க. டாய்லெட் க்யூ பத்தி சொன்னா குறிச்சுப்பாங்க, ரெண்டு மேட்ச்ல நிஜமாவே மாத்தம் தெரியும். டிக்கெட் விலைய எடுத்தா மட்டும் மார்க்கெட்டிங் மேடம் லேப்டாப்ப லேசா மூடிட்டு "மேல பேசிட்டு சொல்றோம்"பாங்க. மேலங்கறது எந்த மாடின்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அடுத்த சீசன் விலைய ஏத்தினாங்க. அறிவிப்புல முதல் வரியே "ரசிகர் குழுக்களுடன் கலந்தாலோசித்த பிறகு". நாங்க ஏத்தாதீங்கன்னு சொன்னோம், அவங்க கேட்டுக்கிட்டாங்க, டெக்னிக்கலா அதுவும் கலந்தாலோசனைதான். எங்க இன்பாக்ஸ் முழுக்க திட்டு, நீங்கதான ஒத்துக்கிட்டு வந்தீங்கன்னு.

5 அக்டோபர், மதியம்

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா ஒரே அழுமூஞ்சிக் கதையா போயிடும். கொடி கட்ட ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள விடுவாங்க, டிரம் அலவ்டு, வருஷத்துக்கு ஒரு தடவை பிளேயர்ஸோட போட்டோ. இதெல்லாம் கிடைச்ச அன்னிக்கு நாங்க ஜெயிச்சுட்டோம்னுதான் நினைச்சோம். அப்புறம் ஒரு நாள் மேனேஜ்மெண்ட்ட கிண்டல் பண்ணி ஒரு பேனர் எழுதினோம். பேனர் துணி ஃபயர் சேஃப்டி சர்டிஃபிகேட் இல்லாததுன்னு கேட்லயே நிறுத்திட்டாங்க. போன வாரம் பிளேயருக்கு பர்த்டே வாழ்த்து எழுதினதும் அதே துணிதான். அது எரியாது போல.

6 அக்டோபர்

"அப்போ சர்வே எடுத்தா தீர்ந்துது, எல்லா சீசன் டிக்கெட்காரங்ககிட்டயும் ஓட்டுக் கேட்டா யார் பிரதிநிதின்னு தெரிஞ்சுடும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். கேக்க நல்லாத்தான் இருக்கு. இங்கிலாந்து கிளப் ஹல் சிட்டி கதை தெரியுமா?

ஓனர் அசெம் அல்லாம் 2010 கடைசில கிளப் கடன்ல தத்தளிச்சப்போ வாங்கிக் காப்பாத்தினவர், அதை யாரும் மறுக்க முடியாது. டீமும் பிரீமியர் லீக்குக்கு ஏறிச்சு. அப்புறம் பேரை ஹல் டைகர்ஸ்னு மாத்தணும்னு ஆரம்பிச்சார், அப்போதான் வெளிநாட்டுல மார்க்கெட் ஆகும்னு. சிட்டி டில் வி டை-ன்னு ஒரு எதிர்ப்புக் குழு கிளம்பிச்சு. உங்க கேள்வி மாதிரியே, கத்தற நாலு பேரு ரசிகர்களான்னு ஓனர் தரப்பு கேட்டுச்சு. சரின்னு 2014ல கிளப்பே சீசன் கார்டு வெச்சிருக்கவங்ககிட்ட ஓட்டெடுப்பு நடத்திச்சு.

15,033 பேருக்கு அனுப்பினாங்க. பதில் போட்டவங்க 5,874. பேர் மாத்தலாம்னு 2,565, வேண்டாம்னு 2,517, எனக்கு அதுல பெருசா கவலையில்ல, எப்படியும் சப்போர்ட் பண்ணுவேன்னு 792. நாற்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்துல ஓனர் ஜெயிச்சார்.

இப்போ அந்த ஓட்டுச்சீட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. "வேண்டாம்"ங்கற பக்கம் வெறுமனே பேர் மாத்த வேண்டாம்னு இருந்துச்சு. "ஆமா"ங்கற பக்கம், பேர் மாத்தலாம், அல்லாம் குடும்பம் தொடர்ந்து கிளப்ப நடத்தட்டும்னு ரெண்டையும் ஒரே வரில முடிச்சுப் போட்டிருந்தாங்க. பேர் பிடிக்கல, ஆனா இந்த மனுஷன் பணத்த எடுத்துட்டுப் போயிட்டா கிளப் என்னாகும்னு பயந்த ஆள் எங்க டிக் அடிப்பான்? அப்படி மிரட்டிக் கேட்டும் வெறும் நாற்பத்தெட்டுதான் தேறுச்சு. அதுக்கும் மேல, பத்துக்கு ஆறு பேர் கவரைப் பிரிச்சுக்கூட பாக்கலயோ என்னவோ.

இங்கிலாந்து ஃபுட்பால் சங்கமான எஃப்.ஏ.வோட கவுன்சில் அந்த ஏப்ரல்ல பேர் மாத்தத்த நிராகரிச்சுது, ஓனர் அப்பீல் போயி 2015ல மறுபடியும் நிராகரிச்சாங்க. ஆக, எண்ணிக்கைல தோத்த குழு ஜெயிச்சுது. அவங்கதான் "உண்மையான பிரதிநிதி"யான்னு கேட்டா எனக்கு இன்னமும் சொல்லத் தெரியல. அந்த 792 பேர் மேல மட்டும் எனக்கு ஒரு தனிப் பிரியம். ரசிகன்ல பெரும்பகுதி அவங்கதான்னு நினைக்கறேன், அவங்களுக்குத்தான் குழுவே கிடையாது.

6 அக்டோபர், இரவு

அந்த "கவலையில்ல" கட்சிக்கு ஒரு குரூப் ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? முதல் மீட்டிங்குக்கு யாரும் வர மாட்டாங்க, அதுதான் கொள்கையே.

8 அக்டோபர்

அங்க கிளப்பே ரசிகர் கையிலதான்னு, ஜெர்மனி, ஜெர்மனின்னு நாலு பேர் வந்துட்டாங்க. வரணும்தான். 50+1 விதி 1998ல வந்தது, கம்பெனியா மாறின கிளப்புலயும் ஓட்டுரிமைல பாதிக்கு மேல மெம்பர்கள் இருக்கற மூல சங்கத்துக்கிட்டயே இருக்கணும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு. மெம்பர்னா சும்மா கார்டு இல்ல, பொதுக்குழுல எழுந்து நின்னு தலைவரைக் கேள்வி கேக்கலாம், வீட்டுக்கு அனுப்பலாம்.

2023 டிசம்பர்ல ஜெர்மன் லீக்கோட மீடியா வருமானத்துல 8 சதவீதம் வரைக்கும் இருபது வருஷத்துக்கு ஒரு முதலீட்டாளருக்குக் குடுக்கலாம்னு 36 கிளப்புகள் ஓட்டுப் போட்டுச்சு, மூணுல ரெண்டு பங்கு வேணும், அதாவது 24, சரியா 24 வந்துச்சு. அடுத்த ரெண்டு மாசம் ஸ்டேடியம் ஸ்டேடியமா கூத்து. முதல் 12 நிமிஷம் பாட்டு கிடையாது, மயான அமைதி. அப்புறம் கிரவுண்டுக்குள்ள டென்னிஸ் பால், சாக்லேட் காசு, கடைசில புகை கக்கிட்டு ஓடற ரிமோட் கார். ரெஃபரி மேட்ச்ச நிறுத்துவார், பிளேயர்ஸ் பால் பொறுக்குவாங்க, மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி விழும். 2024 பிப்ரவரி 21 லீக் பேச்சுவார்த்தையையே கைவிட்டுச்சு.

இதுல எனக்குப் பிடிச்சது கார் இல்ல, ஹானோவர். அந்த கிளப் சார்பா ஓட்டுப் போடப் போன மார்ட்டின் கிண்டுக்கு, "வேண்டாம்"னு போடுங்கன்னு மெம்பர் சங்கம் உத்தரவே குடுத்திருந்துச்சு. ஓட்டு ரகசியம். எதிர்த்தோம், ஓட்டுப் போடாம இருந்தோம்னு மத்த கிளப்புகள் வெளிய சொன்னதக் கூட்டிக் கழிச்சுப் பாத்தப்போ சந்தேகம் அவர் பக்கம் திரும்பிச்சு. அவர் எப்படிப் போட்டேன்னு சொல்ல மாட்டேன்னுட்டார். உலகத்துலயே ரசிகனுக்கு அதிக அதிகாரம் குடுக்கற விதி, அது ஒரு மனுஷன் மறைச்சுப் போடற சீட்டுல வந்து நிக்குது.

8 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

ஜெர்மனியோட லைப்சிக் கிளப்ப விட்டுட்டேன்னு உடனே வந்துட்டாங்க. ஆமா, 2009ல ஆரம்பிச்ச கிளப், ஓட்டுரிமை உள்ள மெம்பர் இருபது சொச்சம் பேர்தான், பெரும்பாலும் ரெட் புல் சார்ந்தவங்க. விதிய எழுத்துப்படி மதிச்சாச்சு. சட்டம் போட்டா தீர்ந்துதுன்னு நினைக்கறவங்க இதையும் ஹானோவரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

11 அக்டோபர்

"ரசிகன்கிட்ட முழு அதிகாரமும் குடுத்தா?"

குடுத்துப் பாத்தாச்சு. 2008ல இங்கிலாந்துல எப்ஸ்ஃப்ளீட் யுனைட்டெட்னு சின்ன கிளப்ப, மைஃபுட்பால்கிளப்ங்கற வெப்சைட் மூலமா முப்பதாயிரத்துக்கும் மேல ஜனங்க ஆளுக்கு 35 பவுண்ட் போட்டு வாங்கினாங்க. டிரான்ஸ்ஃபருக்குக்கூட ஆன்லைன் ஓட்டு. அந்த வருஷம் மே மாசம் சின்ன கிளப்புகளுக்கான எஃப்.ஏ. டிராஃபிய ஜெயிச்சு வெம்ப்ளில கப்பு தூக்கினாங்க, படம் எடுக்கலாம் போல இருந்துச்சு. அடுத்த வருஷம் சந்தா கட்டற நேரம் வந்தப்போ பெரும்பாலானவங்க ஆளையே காணோம். வருஷா வருஷம் தேய்ஞ்சு, 2013ல மிச்சமிருந்தவங்க ஷேர்ர விட்டுக் குடுத்துடலாம்னு ஓட்டுப் போட்டு முடிச்சுக்கிட்டாங்க. என் சந்தேகம், அவங்கள்ல பாதிப் பேருக்கு அந்த கிளப் மேல பாசமே இல்ல, ஓட்டுப் போடற விளையாட்டு மேலதான் ஆசை.

பார்சிலோனா வேற மாதிரி. அங்க சோசியோஸ் நிஜமான மெம்பர்கள், தலைமுறை தலைமுறையா. 2020ல அப்போதைய தலைவர் பார்தோமியு மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வர இருபதாயிரத்துக்கு மேல கையெழுத்து சேர்ந்துச்சு, கோவிட் நேரத்துல. ஓட்டெடுப்புக்கு முன்னாடியே அவர் ராஜினாமா. இதுதான் எனக்குப் பிரதிநிதித்துவம்: யார் உக்காந்தாலும் எழுப்பி விடலாம்ங்கற பயம். ஆனா பில்லியன் யூரோவத் தாண்டின கடனும் அதே மெம்பர்கள் தேர்ந்தெடுத்த தலைவர்கள் காலத்துலதான் குவிஞ்சுது. ஸ்டார் பிளேயர வாங்கறேன்னு சொல்றவருக்குத்தான் ஓட்டு விழும், பட்ஜெட்ட சமாளிக்கறேன்னு சொல்றவருக்கு யார் போடுவா.

ரியல் மேட்ரிட்லயும் மெம்பர்களுக்குத்தான் கிளப். தலைவர் தேர்தல்ல நிக்கணும்னா இருபது வருஷ மெம்பரா இருக்கணும், கிளப் பட்ஜெட்ல 15 சதவீதத்துக்கு பேங்க் கேரண்டி காட்டணும். 2013, 2017, 2021, 2025 நாலு தடவையும் தலைவர் பெரேஸ எதிர்த்து ஆளே இல்ல. ஜனநாயகம் இருக்கு, வேட்பாளர்தான் இல்ல.

12 அக்டோபர்

நான் வேணும்னே தள்ளிப் போட்ட விஷயத்த ஒருத்தர் கேட்டுட்டார், அல்ட்ராஸ். ஸ்டாண்டுல ஒண்ணா நின்னு பாட்டு, கொடி எல்லாத்தையும் நடத்தற தீவிர ரசிகர் கூட்டம்.

ஜெர்மனில டென்னிஸ் பால் எறிஞ்சது பெரும்பாலும் அவங்கதான், அவங்க இல்லன்னா அது நடந்திருக்காது. அதே ஆர்கனைசேஷன், அதே கட்டுப்பாடு, இத்தாலில வேற பக்கம் போச்சு. 2019ல யுவென்டஸ் அல்ட்ராஸ் தலைவர்கள் கைது, டிக்கெட்டுக்காக கிளப்பையே மிரட்டினாங்கன்னு. டிக்கெட் கிடைக்கலன்னா ஸ்டாண்டுல பாட்டு நிக்கும், இனவெறிக் கோஷம் கிளம்பும், கிளப்புக்கு ஃபைன் விழும், இதுதான் மிரட்டல். 2024 செப்டம்பர்ல மிலன், இன்டர் ரெண்டு கிளப்போட அல்ட்ராஸ் தலைவர்களும் கைது.

முதல் குறிப்புல ஓனரை அடிக்கற சக்தி இருந்தாதான் காது குடுப்பான்னு கெத்தா எழுதினேன்ல, அதோட மறுபக்கம் இது. பயமுறுத்தத் தெரிஞ்சவனுக்கு செல்வாக்கு வரும், சரி, ஆனா அந்த செல்வாக்க யாருக்காகப் பயன்படுத்தறான்னு கேக்க உள்ள ஆள் வேணும். அல்ட்ராஸ் தலைவன்கிட்ட போயி "போன சீசன் கணக்கு காட்டுங்கண்ணே"ன்னு கேட்டுப் பாருங்க. எங்க கமிட்டிலயே டி-ஷர்ட் வித்த காசுக்கு கணக்குக் கேட்டதுக்கு, நீ என்ன ஆடிட்டரான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் ரொம்ப நாள் அங்க இல்ல.

13 அக்டோபர்

"நம்ம நாட்டுல எதாவது ஜெயிச்சிருக்கா"ன்னு கேட்டவருக்கு: மோகன் பகான். 2020ல ஏடிகேங்கற இன்னொரு கொல்கத்தா கிளப்போட சேர்த்து ஏடிகே மோகன் பகான்னு ஆக்கினாங்க. 1889ல ஆரம்பிச்ச கிளப் பேருக்கு முன்னாடி வேற ஒரு பேர். ரசிகர்கள் மூணு வருஷம் விடாம ஏடிகேய எடுன்னு நச்சரிச்சாங்க, ஊர்வலம், ஹேஷ்டேக், பேனர். 2023 மார்ச் 18 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஃபைனல் ஜெயிச்ச அன்னிக்கே ஓனர் சஞ்சீவ் கோயங்கா, இனிமே மோகன் பகான் சூப்பர் ஜெயண்ட்னு அறிவிச்சார். முன்னாடி இருந்தது போச்சு, பின்னாடி ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பாதி வெற்றின்னு சொல்லுங்க.

இதுல கவனிச்சீங்களா, கப்பு ஜெயிச்ச ராத்திரி. வேல்ஸ்ல இருக்கற கார்டிஃப் சிட்டில இது தலைகீழ். 2012ல ஓனர் வின்சென்ட் டான் நீல ஜெர்சிய சிவப்பாக்கினார், அந்த சீசனே டீம் ரெண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்ப ஜெயிச்சு பிரீமியர் லீக் போச்சு. நிறைய பேர் முணுமுணுத்துக்கிட்டே சிவப்புத் துண்ட கழுத்துல போட்டுக்கிட்டாங்க. நீலம் வேணும்னு நின்னவங்க சிறுபான்மை மாதிரி தெரிஞ்சாங்க. டீம் கீழ இறங்கி ரிசல்ட்டும் சரியில்லாம போனதும் ஊரே நீலம்னுச்சு, 2015 ஜனவரில திரும்ப நீலம். அப்போ ரசிகர்களோட உண்மையான கருத்து எது, ஜெயிச்சப்போ இருந்ததா தோத்தப்போ இருந்ததா?

17 அக்டோபர்

ரெண்டு நாளா இங்கிலாந்து கிளப் பிளாக்பூல் பத்தி யோசிச்சுட்டு இருந்தேன், அதுல இருந்து முதல் குறிப்ப கொஞ்சம் மாத்திக்கணும்னு தோணுது.

ஓய்ஸ்டன் குடும்பம் ஓனரா இருந்தப்போ பிளாக்பூல் ரசிகர்கள் வருஷக்கணக்கா கிரவுண்டுக்கே போகல. ஒரு பைசா குடுக்க மாட்டோம்னு சபதம். அதுல வீட்டுக்குள்ளயே பிளவு, அப்பா போவார் பையன் போகமாட்டான், போறவன துரோகின்னு திட்டறது, ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்ங்கற கதை. 2019 மார்ச் 9 சவுத்எண்ட் மேட்ச்சுக்கு எல்லாரும் திரும்பி வந்தாங்க, 15,000க்கு மேல கூட்டம், பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அழுதாங்க. பாய்காட் ஜெயிச்சுதுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்லிட்டு இருந்தேன்.

நிஜத்துல ஓனர விழ வெச்சது கோர்ட். கிளப்போட இன்னொரு பங்குதாரர் பெலோகான் போட்ட கேஸ்ல 2017ல 31 மில்லியன் பவுண்டுக்கு மேல குடுக்கணும்னு தீர்ப்பு, காசு வரல, கோர்ட் சொத்தைப் பாத்துக்க ரிசீவர்னு ஒரு அதிகாரியப் போட்டுச்சு. பெரிய ஐரோப்பிய கிளப்புகள் சில தனியா ஆரம்பிக்கப் பாத்த சூப்பர் லீக்கும் அப்படித்தான். 2021 ஏப்ரல்ல செல்சி ரசிகர்கள் பஸ்ஸ மறிச்சு, கிளப் நிர்வாகத்துல இருந்த பீட்டர் செக் இறங்கி வந்து கெஞ்சின வீடியோவ எல்லாரும் பாத்தோம், ரெண்டு நாள்ல ஆறு இங்கிலீஷ் கிளப்பும் கழண்டுச்சு. ஆனா அதே நேரம் ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஈஎஃப்ஏ, பிரிட்டிஷ் அரசாங்கம், பிளேயர்ஸ், டிவி எல்லாம் எதிர்ப்பக்கம் நின்னுச்சு. 1999ல முர்டாக்கோட டிவி கம்பெனி பிஸ்கைபி மான்செஸ்டர் யுனைட்டெட்ட 623 மில்லியனுக்கு வாங்கறத ரசிகர்கள் நிறுத்தினாங்கம்பாங்க, தடுத்தது அரசாங்கம், ஏகபோக கமிஷன் அறிக்கைய வெச்சு. ரசிகர் குழுக்கள் செஞ்சது அந்தக் கமிஷன் முன்னாடி போயி உருப்படியா மனு குடுத்தது.

அதனால இப்படிச் சொல்லலாம்: குழு தனியா யாரையும் வீழ்த்தறது ரொம்ப அபூர்வம், ஓனருக்கு எதிரா இன்னொரு கை இருக்கும்போது அந்தக் கைக்கு பலம் குடுக்கும். லிவர்பூல் 77வது நிமிஷம்தான் விதிவிலக்கு, அங்க கேட்டதும் சின்னது, விட்டுக் குடுத்தா ஓனருக்குப் பெரிய நஷ்டமும் இல்ல. இன்னொண்ணு, இதெல்லாமே "வேண்டாம்". விக்காதே, பேர மாத்தாதே, விலைய ஏத்தாதே. "இப்படி நடத்து"ன்னு சொல்லி ஜெயிச்ச குழு எதுன்னு தேடினா, கடைசில தாங்களே கிளப்ப நடத்தினவங்கதான் தேறுவாங்க. 2002ல விம்பிள்டன் கிளப்ப வேற ஊரான மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிட்டுப் போக ஓனர்களுக்கு அனுமதி கிடைச்சதும், ரசிகர்கள் புதுசா ஏஎஃப்சி விம்பிள்டன ஆரம்பிச்சு, பூங்காவுல ட்ரையல்ஸ் வெச்சு ஆள் எடுத்து, 2011ல லீக்குக்குள்ள வந்து, 2020ல பழைய பேட்டைக்கே திரும்பினாங்க. போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் 2013ல கிளப்ப வாங்கி நிமிர்த்தி, 2017ல தாங்களே ஓட்டுப் போட்டு மைக்கேல் ஐஸ்னருக்கு வித்தாங்க. ரசிகர் கையில இருந்ததே போதும்னு ரசிகர்களே முடிவு பண்ணினது, அதையும் பிரதிநிதித்துவம்னுதான் சொல்லணும், எனக்குக் கொஞ்சம் வலிச்சாலும்.

17 அக்டோபர், இரவு

"நம்மள மாதிரி டிவில பாக்கறவங்களுக்கு எந்த குரூப் பேசும்"னு கேட்டிருந்தீங்க. இங்கிலாந்துல ஃபுட்பால் கவர்னன்ஸ் சட்டம் 2025 ஜூலைல நிறைவேறிச்சு. கிளப்போட சின்னம், சொந்த மைதான ஜெர்சி நிறம் இதையெல்லாம் மாத்தணும்னா ரசிகர்கள்ல பெரும்பான்மை ஆதரிக்கறாங்கன்னு கிளப் உறுதிப்படுத்திக்கணும். எந்த ரசிகர்கள்னா, இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் இருக்கறவங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து பாக்கற உங்களுக்கும் எனக்கும் ஓட்டு இல்ல. எனக்கு இது கோவம் வரல, நியாயம்னுதான் படுது. ஹல் டைகர்ஸ்ங்கற பேர் யாருக்காக வந்துச்சு? நமக்காக. வெளிநாட்டு ரசிகனுக்குப் பிடிக்கும்னு சொல்லித்தான். நம்மள யாரும் கேக்கவே இல்ல, ஆனா நம்ம பேரச் சொல்லி ஓனர் வாதாடினார்.

20 அக்டோபர்

வி.ஏ.ஆர்., அதான் ரெஃபரி முடிவ வீடியோவுல பாத்து சரிபார்க்கற முறை, அது பத்தி ஒரு குறிப்பு, அப்புறம் நான் கழண்டுக்கறேன்.

ஸ்வீடன்ல 51 சதவீத விதி, கிளப்போட ஓட்டுரிமைல பாதிக்கு மேல மெம்பர்கள் கையில. மெம்பர்கள் பொதுக்குழுல வி.ஏ.ஆர். வேண்டாம்னு தீர்மானம் போட, கிளப்புகள் அதையே கொண்டு போய்ச் சொல்ல, 2024ல ஃபெடரேஷன் அந்தத் திட்டத்த ஓரங்கட்டிடுச்சு. அமைதியா, ஒரு பந்து கூட எறியாம. பக்கத்துல நார்வே, அங்க ஏற்கனவே வந்துடுச்சு. 2024 ஜூலைல ரோசன்போர்க் - லில்லெஸ்ட்ரோம் மேட்ச்சுல ரசிகர்கள் டென்னிஸ் பாலோட மீன் கேக்கையும் கிரவுண்டுல வீசி மேட்ச்சே பாதில கைவிடப்பட்டுச்சு. 2025 ஜனவரில கிளப்புகளே பெரும்பான்மையா எடுத்துடலாம்னு சொல்லிடுச்சு. எல்லாரும் ஜெயிச்சாச்சுன்னு நினைச்ச நேரத்துல மார்ச் மாசம் ஃபெடரேஷன் பொதுக்குழு 321-129ன்னு வி.ஏ.ஆர். இருக்கட்டும்னுச்சு.

அந்தப் பொதுக்குழுல ஓட்டுப் போட்டவங்கள்ல, தங்களோட மைதானத்துல வி.ஏ.ஆர். கேமராவே இல்லாத சின்ன கிளப் ஆளுங்களும் உண்டு. வாரா வாரம் பசங்களுக்குக் கோன் வெச்சு டிரெயினிங் குடுக்கறவங்க, கோல் போஸ்ட்டுக்கு வலை கட்டறவங்க. மீன் கேக் எறிஞ்சவங்கள விட இவங்க எந்த விதத்துல குறைஞ்ச ரசிகர்கள்னு யாராவது சொல்லுங்க, நான் படிக்கறேன். பதில் எழுதறது இனிமே அடுத்த வாரம்தான், மேட்ச் இருக்கு.